அச்சக் காட்சியும் அதன் முடிவும்: திருச்சுழி இளைஞரின் இறப்புநிலை உரை பற்றிய ஓர் ஆய்வு

உள்ளத்திற் பட்ட பெருந்துன்பத்தின் நினைவை, அத்துன்பம் நேர்ந்த காட்சியை மீண்டும் மனக்கண்முன் கொணர்வித்து, வேண்டுமிடத்து அதனை மாற்றியமைத்து, ஆற்றும் முறையொன்று இக்கால உளமருத்துவத்தில் நிலைபெற்றுள்ளது. மருத்துவர் சொல்லால் வழிகாட்ட, நோயுற்றார் கண்மூடி அச்சொல்வழியே காட்சிகளைக் கண்டு செல்வர். இதனை நாம் 'வழிப்படுத்திய உளக்காட்சி' என்னும் பெயரால் வழங்குவோம். இம்முறையை வகுத்தவர் மேனாட்டார். ஆயினும் இதன் கூறுகள் தமிழ் நூல்களிலும் தமிழர் வழக்கிலும் காணப்படுகின்றன என்பதும், அவற்றுள் மிகத் தெளிவானதொன்று திருச்சுழியிற் பிறந்த ஓர் இளைஞரைப் பற்றிய உரையில் அமைந்துள்ளது என்பதும் நம் கருத்து. அவ்வுரையை அன்பர் ஒருவகையாகவும் உளநூலார் பிறிதொரு வகையாகவும் கொள்வர். அவ்விரு கொள்கையும் ஒருபுறம் நிற்க, உரையை உரையாகவே கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லாராய்ச்சி

முதற்கண் சொல்லைத் தெளிதல் வேண்டும். உள்ளத்திற் பட்ட ஆழ்ந்த தாக்குதலை 'மனவடு' என எழுதுவது இன்று பெருவழக்காகிவிட்டது. இச்சொல் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. வள்ளுவர் அடக்கமுடைமை அதிகாரத்தின் ஒன்பதாம் குறளில் (129) புண், வடு என்னும் இரண்டனையும் எதிர்நிறுத்தினார். ஆறுவதற்குப் புண் என்றும், ஆறாததற்கு வடு என்றும் பெயர் தந்தார். உலக வழக்கிலோ புண் ஆறியபின் எஞ்சுவதே வடு. வழக்கிற்கு மாறுபட்ட இவ்வாட்சிக்குப் பரிமேலழகர் காரணம் காட்டுவார். தீயாற் சுட்டது உடலிற் சுவடாய் நின்றாலும் மனத்தில் ஆறிவிடுகிறது. நாவாற் சுட்டது மனத்தில் ஆறாமலே நிற்கிறது என்பது அவர் உரையின் கருத்து.

இதனை நோக்க, 'மனவடு' என்னும் சொல் வள்ளுவர் வழியில் ஆறாதது என்னும் பொருளையே தரும். ஆற்ற வேண்டிய ஒன்றிற்கு ஆறாதது என்று பெயரிட்டு மருத்துவம் தொடங்குதல் தகாது. ஆதலின் நாம் இக்கட்டுரையில் 'மனப்புண்' என்றே வழங்குவோம். அப்புண் ஆறியதற்கு அடையாளம் யாது என்னும் வினாவும் இங்கே எழுகிறது. நினைவு முற்றும் அழிதலா, அன்றி நினைவு நின்று நோவு நீங்குதலா? குறளுரையின்படி பின்னதே ஆறுதல். இவ்விடையை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

2. மேனாட்டு முறையின் வரலாறு

பிரான்சு நாட்டு உளநூலறிஞர் பியர் ஜானே 1889-இல் வெளியிட்ட நூலில் மரி என்னும் பெண்ணின் வரலாற்றைக் குறித்துள்ளார். அவள் இடக்கண் பார்வை இழந்திருந்தாள். ஆறாம் வயதில், முகத்தின் இடப்புறம் தோல்நோய் கண்ட குழந்தையொன்றனோடு அவள் கட்டாயமாகத் துயில நேர்ந்ததே அதற்கு மூலம் என்று ஜானே கண்டார். அறிதுயிலில் அக்காட்சியை மீண்டும் அவள்முன் கொணர்ந்து, அக்குழந்தை நோயற்றது, அழகியது என்று நம்பச் செய்து, அதனைத் தடவிக் கொடுக்கவும் செய்தார். பார்வை மீண்டது.

அதன்பின் 1938-இல் இராபர்ட் தெசுவால் 'வழிப்படுத்திய விழிப்புக் கனவு' என்னும் முறையை நூலாக்கினார். 1950-களில் செருமனியில் ஹன்ஸ்கார்ல் லாய்னர், புல்வெளி, ஓடை, மலை, வீடு எனத் தொடக்கக் காட்சிகளை வரிசைப்படுத்தி அதனை ஒழுங்கான மருத்துவமுறை ஆக்கினார். 1980-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய்வகை நூலின் மூன்றாம் பதிப்பில் பேரிடர்க்குப் பின்வரும் மன அழுத்தத்தைத் தனி நோயாக ஏற்றது. 1999-இல் அர்ன்ட்ஸ், வீர்ட்மன் என்னும் இருவர் இளமைத் துன்ப நினைவின் காட்சியை மாற்றியமைக்கும் முறையை விளக்கி எழுதினர். 2001-இல் கிராக்கவ் குழுவினர், தீக்கனவைப் பகலில் மாற்றி அமைத்து மனத்துள் ஒத்திகை பார்த்தலால் வன்கொடுமைக்கு உள்ளான பெண்டிரின் தீக்கனவுகள் குறைந்தமையை ஆராய்ந்து வெளியிட்டனர்.

இவ்வரலாற்றில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஜானே காட்சியை மாற்றவில்லை; நிகழ்ச்சியையே மாற்றினார். நோயுற்ற குழந்தையை நோயற்றது என நம்பவைத்தல் பொய்ம்மையாகும். பொய்யின்றிக் காட்சியை மாற்றல் இயலுமா? இவ்வினாவிற்குச் சங்கச் செய்யுள் ஒன்று விடையாகிறது.

3. கயமனார் பாடிய பாலை

குறுந்தொகை 378-ஆம் செய்யுள் கயமனார் பாடியது. மகட்போக்கிய செவிலி தெய்வத்தைப் பரவுவதாக அமைந்தது. தலைவி தலைவனோடு உடன்போக்கிற் சென்றுவிட்டாள். செவிலியின் மனக்கண்முன் நிற்பது, வெயில் தெறும் சுரத்தில் மெல்லடி வருந்தச் செல்லும் மகளின் தோற்றம். அத்தோற்றத்தையே எடுத்துக்கொண்டு அவள் ஒவ்வொன்றாக மாற்றுகிறாள். ஞாயிறு காயாதிருக்க வேண்டுகிறாள். மலையடிச் சிறுநெறியில் மரநிழல் பட வேண்டுகிறாள். வழியெங்கும் மணல் பரவவும், தண்மழை பெய்யவும் வேண்டுகிறாள்.

ஈண்டுக் கருதற்பாலது, செவிலி எதனை மாற்றினாள் என்பது மட்டுமன்று. எதனை மாற்றாது விட்டாள் என்பதுமாகும். மகளை அவள் வீட்டிற்கு மீட்கவில்லை. தலைவனை அகற்றவில்லை. சுரத்தையும் நீக்கவில்லை. பிரிவு பிரிவாகவே நிற்கிறது. காட்சியில் நோவு தரும் கூறுகளான வெயிலும் பரலும் மட்டுமே மாறுகின்றன. நிகழ்ந்ததை மறுக்காமல் காட்சியின் கொடுமையை மட்டும் தணித்தல் என்னும் இவ்வரையறை, ஜானே செய்ததினும் நேரிய முறை என்றே நாம் கருதுகிறோம்.

மாற்றத்திற்கு வேண்டிய பொருள்கள் யாவும் அந்நிலத்திலிருந்தே எடுக்கப்பட்டமையும் நோக்கத்தக்கது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியில் நடந்தவர்க்கு இச்செய்யுள் தனியாக விளங்கும். கரிசலும் செவலும் விரவிய மானாவாரி நிலம் அது. கண்மாய் பெருகினால் விளைவு, இல்லையேல் வறட்சி. குண்டாற்றில் பெரும்பொழுதும் காண்பது மணலே. அந்நிலத்தார்க்கு இன்பக் காட்சி என்பது நிழல், மணல், மழை என்னும் மூன்றே. முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளைத் தாங்கும் என்னும் பொருளிலக்கணக் கொள்கை, உளக்காட்சிக்கும் பொருந்துவதை இதனால் அறியலாம்.

ஆயினும் இச்செய்யுளின் முறைக்கு எல்லை உண்டு. செவிலியின் மகள் உயிரோடிருக்கிறாள். ஆதலின் வேண்டுதலுக்கு இடமுண்டு. இறந்தாரைப் பற்றிய காட்சியில் நிழலையும் மழையையும் சேர்த்து ஆவதொன்றில்லை. அங்கே வேறொரு முறை வேண்டப்படுகிறது.

4. ஒப்பாரியும் இறுதிக் கடனும்

அம்முறையை இந்நிலத்து மகளிர் ஒப்பாரியிற் கைக்கொண்டனர். ஒப்பாரியை அச்சிற் படிப்பார் அதனைத் தனியொருத்தியின் புலம்பற் பாட்டாகவே கொள்வர். நிகழுமிடத்தில் அது அவ்வாறன்று. மகளிர் வட்டமாக அமர்ந்து ஒருவர் தோளை ஒருவர் தழுவுவர். ஒருத்தி எடுத்துக் கொடுக்கப் பிறர் தொடர்வர். எடுத்துக் கொடுப்பவள் பெரும்பாலும் முதிர்ந்தவள். முன்னரே இழப்புக் கண்டவள். அவள் பாட்டின் வழியே, இறந்தாரின் வீடும் வாயிலும் கட்டிலும் அவர் வந்த வழியும் இனி அவர் செல்லும் வழியும் துயருற்றாளின் மனக்கண்முன் ஒழுங்காக வருகின்றன. வழிகாட்டுவார் ஒருவர், வழிச்செல்வார் ஒருவர், காட்சிகளின் வரிசை, உடனிருப்பாரின் தழுவல் ஆகிய நான்கும் இங்கே அமைந்துள்ளன.

மரபுப்படி மகளிர் சுடுகாடு செல்வதில்லை, தெருமுனையோடு நின்றுவிடுவர். எனவே அவர்க்கு இறுதிக் காட்சி கண்ணுக்குக் கிட்டாதது. பாட்டே அவர்களை அங்குக் கொண்டு செல்கிறது. ஆடவர்க்கோ கடனே காட்சியாகிறது. நீர்க்குடம் தோளில் ஏந்தி மும்முறை சுற்றுதலும், சுற்றுதோறும் குடத்தில் துளையிடுதலும், நீர் ஒழுகுதலும், குடத்தைப் பின்னே போட்டு உடைத்தலும், திரும்பிப் பாராது செல்லுதலும் முடிவைக் கண்ணாரக் காணச் செய்யும் செயல்கள்.

மனப்புண்ணின் நினைவு ஓரிடத்தில் அறுந்து நிற்பது. மருண்ட உள்ளம் காட்சியின் கொடிய இடம்வரை சென்று, அதற்குமேற் செல்ல அஞ்சி மீள்கிறது. மீண்டும் தொடக்கத்திலிருந்து வருகிறது. ஒப்பாரியும் கடனும் அவ்விடத்தில் நில்லாது காட்சியை இறுதிவரை நடத்திச் செல்கின்றன. இவற்றின் ஆற்றல் இதுவே.

இக்கடன் எல்லார்க்கும் ஒரே அளவில் உரியதன்று. தந்தைக்குக் கொள்ளி வைத்தல் மூத்த மகனுக்கு உரியது. இளைய மகன் காண்பவனாகவே நிற்பான். இச்செய்தி அடுத்து வரும் ஆராய்ச்சிக்கு வேண்டுவது.

5. திருச்சுழி இளைஞரின் உரை

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே குண்டாற்றங்கரையில் உள்ளது திருச்சுழி. சுந்தரர் பாடல்பெற்ற தலம். பாடலில் 'திருச்சுழியல்' எனப்படுவது. இவ்வூரில் வழக்கறிஞராயிருந்த சுந்தரம் ஐயருக்கும் அழகம்மாளுக்கும் இரண்டாம் மகனாக 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் பிறந்தவர் வேங்கடராமன். பின்னாளில் இரமண மகரிஷி என உலகறிந்தவர். 1892-இல் தந்தையார் இறந்தார். அப்போது மகனுக்கு வயது பன்னிரண்டு. குடும்பம் பிரிந்தது. நாகசுவாமி என்னும் தமையனும் வேங்கடராமனும் மதுரையில் சிற்றப்பர் இல்லம் சேர்ந்தனர். தாயும் இளையோரும் வேறிடம் சென்றனர்.

1896-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மதுரை வீட்டின் மாடியறையில் தனித்திருந்தபோது, நோயேதுமின்றியே இறப்பச்சம் அவரைப் பற்றியது. பின் நிகழ்ந்தவற்றை உரைகள் இவ்வரிசையிற் கூறும். அவர் எவரையும் துணைக்கு அழைக்கவில்லை. இறப்பு வந்துவிட்டதாகவே கொண்டார். பிணம்போற் கை கால்களை விறைப்பாக நீட்டிக் கிடந்தார். வாய் மூடி மூச்சடக்கினார். இவ்வுடல் சுடுகாட்டிற்குக் கொண்டுபோகப்படும், எரிக்கப்படும், சாம்பலாகும் என்று கண்டார். சாம்பலான பின்னும், இறந்தது யார் என்னும் வினா எஞ்சியது. அவ்வினாவில் அச்சம் அற்றது. பின்னர் அது மீளவேயில்லை.

இவ்வரிசையை முன்கூறியவற்றோடு ஒப்பிட்டு நோக்குவோம். செவிலி காட்சியின் கொடுமையைத் தணித்தாள், இளைஞர் தணிக்கவில்லை. வெயிலை மறைக்கும் நிழலோ சுடுதீயை அவிக்கும் மழையோ இவ்வுரையில் இல்லை. ஒப்பாரியில் எடுத்துக் கொடுப்பவள் ஒருத்தி உண்டு; இங்கே எடுத்துக் கொடுப்பவரும் தொடர்பவரும் ஒருவரே. கடனில் மகன் தந்தையின் உடலைச் சுற்றி வருகிறான். இங்கே மகனே பாடையிற் கிடக்கிறான். இம்மூன்று வேறுபாடும் உளவேனும், ஒப்புமை ஒன்று எஞ்சி நிற்கிறது. காட்சி இடையில் அறவில்லை, சாம்பல்வரை சென்றது.

தந்தையார் இறந்த நாளில் வீட்டார் அழுதுகொண்டிருக்க, கிடக்கும் உடலையும் அதை விட்டு நீங்கியதையும் பற்றி இச்சிறுவர் நெடுநேரம் எண்ணியதாக அவரைப் பற்றிய குறிப்புகளுள் ஒரு செய்தி உண்டு. அன்று கொள்ளிக்கடன் தமையனுக்கு உரியது, இவர் கண்டுநின்றவர். பன்னிரண்டு வயதிற் கண்டுநின்ற காட்சியைப் பதினாறு வயதில் தாமே ஏற்று முடித்தார் என்று எண்ண இடமுண்டு. ஆயின் 1896-ஆம் ஆண்டு நிகழ்ச்சியைக் கூறும் உரை தந்தையைச் சுட்டுவதில்லை. எனவே இதனை உரையின் கூற்றாகக் காட்டாது, படிப்பவர் கூட்டியுணரும் பொருளாகவே கொள்ளுதல் முறை. தந்தையிழப்பே எல்லாவற்றிற்கும் காரணம் என முடிவுகட்டும் உளநூலார் உரையில் இல்லாததை உரைமேல் ஏற்றுகின்றனர். தந்தையிழப்பிற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என மறுப்பாரும், நான்காண்டு இடைவெளியில் ஒரே வினா இருமுறை எழுந்ததைக் காணாது விடுகின்றனர்.

6. உரையின் பாடநிலை

இவ்வுரை நமக்குக் கிடைத்த வழியையும் ஆராய்தல் வேண்டும். பரவலாக அறியப்படுவது பி. வி. நரசிம்ம சுவாமி 1931-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வரலாற்று நூலில் உள்ள வடிவம். அது தன்மையிடத்தில், இரமணரே பேசுவதுபோல் அமைந்துள்ளது. ஆயினும், சொற்கள் சொன்னவாறே பதிவு செய்யப்படவில்லை என்றும், அவர் தம்மைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் 'நான்' என்னாமற் பேசும் இயல்பினர் என்றும் நூலாசிரியரே அடிக்குறிப்பிற் கூறியுள்ளார். பின்னர் ஆர்தர் ஆசுபர்ன் 1954-இல் எழுதிய நூல் முதலியன இவ்வடிவத்தையே பெரிதும் பரப்பின.

இதனாற் பெறப்படுவது யாது? உரையின் தனிச்சொற்களை ஆதாரமாக வைத்துக் கோட்பாடு கட்டுதல் இயலாது. 'நான் எனக்குள் இவ்வாறு சொல்லிக்கொண்டேன்' என்பன போன்ற தொடர்கள் நூலாசிரியர் ஆக்கியவை. ஒருவர் தமக்குத்தாமே கூறிய வழிகாட்டுச் சொற்கள் இவை என மருத்துவர் எடுத்தாளுதல் பிழையாம். நிகழ்ச்சிகளின் வரிசை, அதாவது அச்சம், கிடத்தல், சுடுகாடு, சாம்பல், வினா என்பது, உறுதியானது. நாம் இக்கட்டுரையில் வரிசையை மட்டுமே சான்றாகக் கொண்டமைக்குக் காரணம் இதுவே.

7. அச்சம் உவமையாதல்

புண் ஆறியதற்கு அடையாளம் நினைவு நின்று நோவு நீங்குதல் என முதற்பகுதியிற் கண்டோம். அவ்வடையாளம் இங்கு உண்டா? நம் கருத்தில் மிகத் தெளிவாக உண்டு. அது வரலாற்று நூலில் இல்லை. இரமணரின் உரைநடை நூலிலேயே உள்ளது.

'நான் யார்?' என்னும் சிறுநூல், சிவப்பிரகாசம் பிள்ளை என்பார் 1901, 1902-ஆம் ஆண்டுகளில் கேட்ட வினாக்களுக்கு இரமணர் எழுதிக்காட்டிய விடைகளிலிருந்து உருவாகி, 1923-இல் அச்சேறியது. பின்னர் இரமணரே அதனைக் கட்டுரை வடிவாக்கினார். அதில், நான் யார் என்னும் எண்ணம் ஏனைய எண்ணங்களை அழித்துத் தானும் அழியும் என்பதற்கு ஓர் உவமை கூறப்படுகிறது. சுடலையிற் பிணத்தைக் கிளறிவிடும் கோல், ஈற்றில் தானும் எரிந்துபோவது அவ்வுவமை.

இவ்வுவமையின் நிலைக்களம் 1896-இல் மாடியறையில் அச்சத்தோடு காணப்பட்ட அதே சுடுகாடு. காட்சி அழியவில்லை, தீயும் பிணமும் அங்கேயே உள்ளன. ஆனால் அவை இப்போது அஞ்சுவார்க்கு அச்சம் தருவன அல்ல. மாணாக்கர்க்குப் பொருள் விளக்கும் கருவிகள். ஆள்வோனை ஆண்ட காட்சி, அவனால் ஆளப்படும் சொல்லாகிவிட்டது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் கூறிய அச்சம், அவரே உவமவியலிற் கூறிய உவமமாக மாறியது எனலாம். உவமை அமைப்பதற்குப் பொருளைச் சற்று விலகி நின்று காணுதல் வேண்டும். அவ்விலகலே புண் ஆறியதன் சான்று.

1922-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் தாயார் அழகம்மாள் திருவண்ணாமலையில் உயிர்நீத்தார். அன்று பகல் முழுதும் இரமணர் ஒரு கையை அவர் மார்பிலும் மற்றொரு கையைத் தலையிலும் வைத்து உடனிருந்தார். 1892-இல் கண்டுநின்ற மகன் 1922-இல் உடனிருந்து வழிகாட்டும் மகனானார். ஒப்பாரியில் எடுத்துக் கொடுப்பவள் முன்னரே இழப்புக் கண்டவள் என்று கூறினோம். அக்கூற்று இங்கும் பொருந்துகிறது.

8. முடிபு

மேற்கூறியவற்றால் தெளியப்படுவன சில. துன்பக் காட்சியை ஆற்றுதற்குத் தமிழ் மரபு மூன்று வழிகளைக் காட்டுகிறது. நிகழ்ச்சியை மறுக்காது கொடுமையை மட்டும் தணித்தல் கயமனார் வழி. துணையோடு இறுதிவரை நடத்தல் ஒப்பாரி வழி. தணிக்காமலும் துணையின்றியும் இறுதிவரை சென்று, காண்பான் யார் என வினவுதல் திருச்சுழி இளைஞர் வழி. மூன்றற்கும் பொதுவானது, காட்சியை விட்டு ஓடாமை.

மூன்றாம் வழியை எல்லார்க்கும் உரியதென எடுத்துரைத்தல் தவறு. வழிகாட்டுவாரின்றிக் கொடுங்காட்சியுட் புகுதல் மனப்புண் மிகுதற்கும் ஏதுவாகும். தேர்ந்த மருத்துவர் நோயுற்றாரின் தாங்குதிறன் அறிந்தே அடியடியாக நடத்துவர். இரமணரும் தம் நிகழ்ச்சியை ஒரு பயிற்சியாக விதித்தாரல்லர், வினாவையே கொடுத்தார். அரிதாக நிகழ்ந்த ஒன்று சான்றாகலாம், விதியாகாது.

தமிழ்த்துறையார்க்கு இதில் ஒரு கடப்பாடு உண்டு. இன்று உளக்காட்சி முறை தமிழிற் கையாளப்படும்போது, வழிகாட்டுச் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்படுகின்றன. கடற்கரையும் பசும்புல்வெளியும் அமைதிக்குரிய இடங்களாக அவற்றில் வரும். கடலே காணாத கரிசற்காட்டு மூதாட்டிக்கும், ஆழிப்பேரலையில் 2004-இல் மக்களை இழந்த நாகைக் கரையினர்க்கும் அக்காட்சி ஒன்றாகுமோ? முன்னவர்க்கு அது பொருளற்றது. பின்னவர்க்குப் புண்ணைக் கிளறுவது. கண்மாய்க்கரையும் புளியமர நிழலும் முதல்மழை வீழ்ந்த மண்ணும் வேண்டுமிடத்தில் அவற்றையே தருதல் வேண்டும். திணையிலக்கணம் பயின்றார்க்கு இது எளிது. பயிலாத மருத்துவர்க்கு அரிது. சங்கச் செய்யுளையும் ஒப்பாரியையும் பதிப்பித்து உரைகாண்பதோடு நம் பணி முடிந்ததாகக் கொள்ளாது, துயருற்றார் முன் பேசத்தக்க தமிழை மருத்துவர்க்கு ஆக்கித் தருதலையும் மேற்கொள்ளுதல் கடனாகும். ஒப்பாரி எடுத்துக் கொடுக்கவல்ல முதியோர் ஊர்தோறும் குறைந்து வருகின்றனர். அவர் இருக்கும்போதே, பாட்டை மட்டுமன்றி, அவர் அமரும் முறையையும் எடுக்கும் வரிசையையும் நிறுத்தும் இடத்தையும் கேட்டு எழுதிவைத்தல் மாணாக்கர் உடனே செய்யத்தக்க ஆராய்ச்சியாம்.